வராத காருக்கு ஒரு விலை

பாலுச்செட்டி சத்திரத்துக்கு அருகே, பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு டீக்கடை. கூரத்திலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஷிப்டுக்குப் போகிறவர்கள் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற இடம். ஒரு நாள் காலை, உடம்பு முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகச் சுழி சுழியாய் ஸ்டிக்கர் ஒட்டிய சின்னக் கார் ஒன்று அங்கே வந்து நின்றது. இன்னும் வெளிவராத வண்டி. ஓட்டிவந்த இருவரும் இறங்கி டீ குடித்தார்கள். எந்தக் கம்பெனி என்று கேட்டதற்குச் சிரித்தார்கள். பத்து நிமிஷத்தில் கிளம்பிப் போய்விட்டார்கள்.

அந்தப் பத்து நிமிஷத்துக்குள் வண்டிக்கு விலை வைத்தாயிற்று. பிரேக் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கும் இளைஞன் ஒருவன் குந்தி உட்கார்ந்து சக்கரத்தின் இடுக்கு வழியே பார்த்தான். “பின்னாடியும் டிஸ்க்குண்ணே. சைலன்சர் ரெண்டு குழா. இது சாதா மாடல் இல்ல. நூத்தம்பது எச்பி இருக்கும், ஒம்பதரை லட்சம்” என்றான். பக்கத்தில் நின்ற லோடு வேன்காரர், “பன்னண்டுக்குக் கம்மியா வராது” என்றார். நான் என் பங்குக்குப் பதினொன்று என்றேன். மஞ்சள் பையில் நெய்து முடித்த சேலையோடு காஞ்சிக்குக் கிளம்பிய முதியவர் ஒருவர் மட்டும் விலை சொல்லவில்லை. “பின்சீட்டுல மூணு பேர் குந்தலாமா தம்பி?” என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றிப் பேசும்போது கேட்கிற கேள்வியா அது?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலை நகர், தெற்கே செய்யாறு என்று எங்களைச் சுற்றிக் கார் ஆலைகளும் உதிரிபாகக் கம்பெனிகளும் சோதனைத் தடமும் இருக்கின்றன. அதனால் முகமூடி போட்ட வண்டியைப் பார்ப்பதும் அதற்கு விலை சொல்வதும் இந்த வட்டாரத்தில் ஒரு பொழுதுபோக்கு. பெரிய சொகுசுக் காருக்கு யாரும் இவ்வளவு மெனக்கெட்டுக் கணக்குப் போடுவதில்லை. அது எந்த விலைக்கு வந்தாலும் நமக்கு ஒன்றுதான். எட்டிப் பிடித்துவிடலாம் போலத் தோன்றுகிற வேகமான சின்னக் கார்தான் ஆளை ஆட்டிவைக்கும். அப்படிப்பட்ட காருக்கு ஆர்வலர்கள் சொல்லும் விலையும் வேகமும் எவ்வளவு பலித்திருக்கின்றன, பலிக்காதபோது எங்கே தவறுகின்றன என்று ஒருமுறை முழுதாகப் பார்க்கலாம்.

வேகத்தைப் பற்றிய புகழ் எங்கள் ஊருக்குப் புதிதில்லை. கூரத்தில் கிடைத்த பல்லவர் செப்பேடு 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. முதலாம் பரமேஸ்வரவர்மன் கொடுத்தது. அதன் வடமொழிப் பகுதியில் போர் வர்ணனை வருகிறது. அரசனின் யானைக்கு அரிவாரணம் என்று பெயர், குதிரைக்கு அதிசயம். தமிழ்ப் பகுதிக்கு வந்தால் தொனியே மாறிவிடும். எந்த நிலம், எந்த ஏரி, பாலாற்றிலிருந்து வெட்டிய பெரும்பிடுகு வாய்க்கால், யாருக்கு எத்தனை பங்கு என்று ஒரே கணக்கு. கார் கம்பெனி அச்சடிக்கும் வண்ணப் புத்தகமும் இதே அமைப்புதான். முன்பக்கத்தில் அதிசயம் பாயும்; கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் பங்கும் வரியும் இருக்கும். ஆர்வலர்கள் முன்பக்கத்தை மனப்பாடமாகச் சொல்வார்கள்.

முதலில் வெளிநாட்டுக் கதை இரண்டு. 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் மாஸ்டா நிறுவனம் எம்எக்ஸ்-5 மியாட்டாவைக் காட்டியது. இரண்டே இருக்கை, 1.6 லிட்டர் எஞ்சின், 116 குதிரைத்திறன், அமெரிக்காவில் 13,800 டாலர். காகிதத்தில் பார்த்தால் பெரிய வேகம் ஒன்றுமில்லை. வண்டியின் எடை ஒரு டன்னுக்கும் குறைவு, எடை நடுவில் சமமாக உட்கார்ந்திருக்கிறது, பின்சக்கரம் தள்ளுகிறது. ஓட்டியவர்களுக்கு அது போதுமாயிருந்தது. டீலர்கள் அறிவித்த விலைக்கு மேல் ஆயிரக்கணக்கில் கூட்டி விற்றார்கள். 2016இல் பத்து லட்சமாவது வண்டி ஆலையை விட்டு வந்தது.

அடுத்தது டொயோட்டா. 2009 டோக்கியோ கண்காட்சியில் எஃப்டி-86 என்ற மாதிரி வண்டியைக் காட்டிவிட்டு மூன்று வருஷம் காக்கவைத்தார்கள். அந்த மூன்று வருஷமும் டர்போ வருமா, 250 குதிரைத்திறன் இருக்குமா என்பதே உலகெங்கும் ஆர்வலர் பேச்சு. 2012இல் கடைக்கு வந்த வண்டியில் டர்போ இல்லை. சுபாருவோடு சேர்ந்து செய்த 2 லிட்டர் எஞ்சின், 200 குதிரைத்திறன். அமெரிக்காவில் சயான் என்ற பெயரில் ஏறத்தாழ 25,000 டாலருக்கு விற்றது. தலைமைப் பொறியாளர் டெட்சுயா டடா வேண்டுமென்றே ஒல்லியான டயரைப் போட்டிருந்தார். டொயோட்டாவின் ப்ரியஸ் என்ற சிக்கனக் காரில் வரும் அதே ரக டயர். பிடிப்பு குறைந்தால் குறைந்த வேகத்திலேயே வண்டி வளைவில் லேசாக வழுக்கும். ஓட்டுகிறவனுக்கு அதுதானே சுகம் என்பது அவர் கணக்கு. பத்து வருஷம் கழித்து வந்த இரண்டாம் தலைமுறையிலும் எஞ்சின் 2.4 லிட்டராகி 228 குதிரைத்திறன் ஆனதே தவிர, டர்போ வரவில்லை. ஆர்வலர்கள் பத்து வருஷமாகக் கேட்டதைக் கொடுக்காமலே அந்த வண்டி நல்ல பெயர் எடுத்தது.

இந்த இரண்டும் இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்பனைக்கு வந்ததே இல்லை. ஆனால் நம்மூர் ஆர்வலர்களின் விலைக் கணக்கு பெரும்பாலும் இவற்றில்தான் தொடங்கும். டாலர் விலையை எடுத்து, அன்றைய மாற்றுவிகிதத்தால் பெருக்கி, “கொஞ்சம் வரி” சேர்ப்பார்கள். அந்தக் கொஞ்சம் எவ்வளவு? 40,000 டாலருக்கு உட்பட்ட காரை முழுதாகக் கட்டிய நிலையில் இறக்கினால் சுங்க வரி 70 சதவீதம். 2023 பட்ஜெட்டில் 60இலிருந்து ஏற்றியது. 100 ரூபாய் வண்டி 170 ஆகிறது. அதன்மேல் 40 சதவீத ஜிஎஸ்டி, 238. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குச் சாலை வரி 20 சதவீதம், 285ஐத் தாண்டிவிட்டது. கப்பல் கூலியும் டீலர் லாபமும் இன்ஷூரன்ஸும் இன்னும் சேரவில்லை. 2016 நவம்பரில் ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடிஐயை இறக்குமதி செய்தபோது அதன் விலை 25.65 லட்சம். மூன்று கதவுள்ள சின்னக் கார், 192 குதிரைத்திறன், நாட்டுக்கே மொத்தம் 99 வண்டி. பார்ப்பதற்குப் பக்கத்து வீட்டு போலோ மாதிரியே இருக்கும். அடுத்த வருஷம் விலையைப் பெரிய அளவில் குறைத்துத்தான் தள்ள வேண்டியிருந்தது.

உள்நாட்டு முயற்சிகளுக்கு வருவோம். எதிர்பார்ப்புக்கும் எஞ்சினுக்கும் இடையில் எவ்வளவு பெரிய பள்ளம் இருக்கலாம் என்பதற்குச் சென்னையிலேயே ஒரு பழைய உதாரணம் உண்டு. வண்டலூரில் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற காரைக் கொண்டுவந்தது. உருவம் இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1. அது 1977இல் ஐரோப்பாவின் சிறந்த காராகத் தேர்வானது, அங்கே 3.5 லிட்டர் வி8 எஞ்சினோடு போலீஸ்காரர்களே துரத்தலுக்கு வைத்துக்கொண்ட வண்டி. அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய ரோட்டில் அந்தச் சாய்ந்த மூக்கு எப்படித் தெரிந்திருக்கும்! ஆனால் மூக்குக்கு உள்ளே இருந்தது 1940களின் ஸ்டாண்டர்டு வான்கார்டு வழியில் வந்த 2 லிட்டர் எஞ்சின். திறன் 83 குதிரையை ஒட்டி. நம் சாலைக்காக உயர்த்திய சஸ்பென்ஷன், மளமளவென்று குடிக்கும் பெட்ரோல். நான்கு வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. என் மாமா ஒருவர் இன்றும் அந்தக் காரை ஸ்போர்ட்ஸ் கார் என்றுதான் சொல்வார். அவர் அதில் ஏறியதில்லை.

பிறகு 1998இல் கோவாவிலிருந்து சான் ஸ்டார்ம் வந்தது. இரண்டு இருக்கை, ஃபைபர் உடம்பு, ரெனோவின் 1.2 லிட்டர் எஞ்சின், 60 குதிரைத்திறன். உருவத்தில் ஸ்போர்ட்ஸ் கார், பிக்கப்பில் சாதாரணக் குடும்பக் கார். வருஷத்துக்கு விரல்விட்டு எண்ணும்படி விற்றது. டாடா 2000இல் ஜெனிவாவில் ஆரியா என்ற திறந்த காரைக் காட்டியது. அது கண்காட்சி மேடையோடு சரி.

ஆகவே இந்தியாவில் கட்டுப்படியாகும் ஸ்போர்ட்ஸ் கார் என்பது நடைமுறையில் ஒன்றைத்தான் குறிக்கும்: சாதாரணச் சின்னக் காரில் டர்போ எஞ்சினை வைத்து, சஸ்பென்ஷனை இறுக்கி, சிவப்பு நூலில் சீட்டைத் தைத்து, பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்தைச் சேர்த்த வண்டி. தூய்மைவாதிகள் இதை ஸ்போர்ட்ஸ் கார் என்று ஒப்ப மாட்டார்கள். ஒப்பாவிட்டால் எழுதுவதற்கு நம்மிடம் வேறு பொருளில்லை.

இந்த வண்டிகளின் வரலாற்றை எழுதியவர்கள் பொறியாளர்கள் என்று நினைப்போம். பாதியை எழுதியது நிதி அமைச்சகம். 2006-07 பட்ஜெட்டில் சின்னக் காருக்கான கலால் வரி 24இலிருந்து 16 சதவீதமாகக் குறைந்தது. சின்னக் கார் எது? நீளம் 4 மீட்டருக்குள். பெட்ரோல் எஞ்சின் என்றால் 1200 சிசிக்குள். அன்று போட்ட அந்தக் கோடு இன்றுவரை அழியவில்லை. ஜிஎஸ்டி வந்த பிறகு கோட்டுக்கு இந்தப் பக்கம் 29 சதவீதம், அந்தப் பக்கம் குறைந்தது 45 என்று நின்றது. 2025 செப்டம்பர் 22 முதல் இந்தப் பக்கம் 18, அந்தப் பக்கம் 40. ஆலையை விட்டு 8 லட்சத்துக்கு வெளிவரும் ஒரே வண்டி, 1199 சிசி என்றால் 9.44 லட்சம். 1201 சிசி என்றால் 11.20 லட்சம். இரண்டு சிசிக்கு 1.76 லட்சம் ரூபாய்! அந்தக் காசுக்கு நல்ல பைக்கே வாங்கலாம்.

இதை வைத்துக்கொண்டு பழைய வண்டிகளைப் பாருங்கள். 2017 மார்ச்சில் மாருதி பலேனோ ஆர்எஸ்: 998 சிசி, 102 குதிரைத்திறன், 8.69 லட்சம். 2018 அக்டோபரில், கோயம்புத்தூர் ஜேயெம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடாவும் கூட்டுச் சேர்ந்து செய்த டியாகோ ஜேடிபி: 1199 சிசி, 114 குதிரைத்திறன், 6.39 லட்சம். 2021 செப்டம்பரில் எங்கள் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் ஐ20 என் லைன்: 998 சிசி, 120 குதிரைத்திறன், 9.84 லட்சம். 2024 ஜூனில் டாடா ஆல்ட்ரோஸ் ரேசர்: 1199 சிசி, 120 குதிரைத்திறன், 9.49 லட்சம். நான்கும் 4 மீட்டருக்குள். எல்லாம் ஒரே தாயத்தைக் கட்டிக்கொண்டு வந்த பிள்ளைகள்.

ஐ20 என் லைனை இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம், பக்கத்து ஊர் வண்டி என்பதால். 2020 அக்டோபரில் ஹூண்டாய் வெளிநாட்டுக்கான ஐ20 என் வண்டியைக் காட்டியது. துருக்கியின் இஸ்மித் ஆலையில் செய்தது, 1.6 லிட்டர் டர்போ, 204 குதிரைத்திறன். அதே ஐ20 இங்கே ஸ்ரீபெரும்புதூர் தாலுகாவில் உருண்டு வருகிறது. இருங்காட்டுக்கோட்டையிலேயே மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் 3.7 கிலோமீட்டர் பந்தயத் தடமும் இருக்கிறது. ஆலையும் தடமும் ஒரே ஊரில். பொருத்தம் பத்தும் பார்த்தாயிற்று என்று எங்களில் பலர் நம்பினோம். வந்தது, சாதாரண ஐ20 டர்போவில் ஏற்கெனவே இருந்த அதே 998 சிசி எஞ்சின். திறனும் அதே 120, டார்க்கும் அதே 172. சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், சைலன்சர் சத்தம், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் இவைதான் வேறு. 204ஐ எதிர்பார்த்தவர்கள் திட்டினார்கள். வரி அட்டவணையைப் படித்தவன் ஒருத்தன் எங்களில் இருந்திருந்தால் ஒரு வருஷம் முன்னாலேயே 998 என்று சொல்லியிருப்பான்.

இன்னொரு சுவர் 10 லட்சம். மேலே சொன்னவற்றில் இரண்டு 9இல் தொடங்கின. அடுத்துச் சொல்லப்போகிற அபார்த்தும் அப்படியே. மனசுக்கு ஒற்றை இலக்கம் இதமாயிருக்கிறது என்பது ஒரு பக்கம். தமிழ்நாட்டில் அதற்குக் காசுக் கணக்கும் உண்டு. 2023 நவம்பரில் திருத்திய சாலை வரிப்படி 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம்; 10 தாண்டினால் 18. 9.95 லட்சம் வண்டிக்கு வரி ஏறத்தாழ 1.29 லட்சம். 10.05 லட்சம் வண்டிக்கு 1.81 லட்சம். வண்டி விலையில் பத்தாயிரம் வித்தியாசம், சாலைக்கு வரும்போது அறுபதாயிரத்தைத் தாண்டுகிறது. கம்பெனிக்காரர்கள் இதைச் சும்மா விடுவார்களா?

இப்போது அபார்த். 2015 அக்டோபரில் ஃபியட் கொண்டுவந்த அபார்த் புன்டோ இந்த ஜாதகத்தையே மீறிய வண்டி. 1368 சிசி டர்போ, 145 குதிரைத்திறன், 212 டார்க், நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு 8.8 விநாடி என்று கம்பெனி சொன்னது. 1200 சிசி கோட்டைத் தாண்டியதால் கூடுதல் வரி கட்டி, அதற்குப் பிறகும் 9.95 லட்சம். வெளியீட்டுக்கு முன்னால் நான் நண்பர்களிடம் 12 என்று அடித்துச் சொல்லியிருந்தேன். “பத்துக்குள்ள வந்தா நானே மொதல்ல புக் பண்றேன்” என்று சபதம் வேறு.

பத்துக்குள் வந்துவிட்டது. இந்த மாதிரி ஊகத்தில் ஆர்வலன் பக்கம் விலை சாய்வது அபூர்வம். போய்ப் பார்த்தேன். கதவைத் திறந்து உட்கார்ந்தேன். ஸ்டீயரிங்கைப் பிடித்தபோது கை நடுங்கியது என்று சொன்னால் நம்ப வேண்டும். அடுத்த ஞாயிறு மனைவியையும் மாமியாரையும் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். மூன்று பேரும் பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள். மாமியார், “மாப்ளே, இதுல திருப்பதி போய்ட்டு வந்தா இடுப்பு என்னாகும்?” என்று கேட்டார். மைலேஜ் என்ன என்று மனைவி கேட்டதற்கு நான் சொன்ன பதில் எனக்கே நம்பும்படி இல்லை. இரண்டு மாதம் கழித்து மூன்று வருஷப் பழைய டீசல் கார் ஒன்றை வாங்கினேன். பட்டணத்தில் எனக்குத் தெரிந்து அபார்த் அபார்த் என்று உருகிய ஏழு பேரில் வாங்கியவர் ஒருவர். 2020க்குள் ஃபியட்டே இந்தியச் சந்தையில் இல்லை. பலேனோ ஆர்எஸ்ஸும் ஜேடிபி வண்டிகளும் அந்த வருஷம் பிஎஸ்6 விதி வந்தபோது போய்விட்டன. புகை விதிக்கு ஏற்ப எஞ்சினைத் திருத்தப் பணம் போட வேண்டும். விற்கும் எண்ணிக்கை அந்தப் பணத்தைத் தாங்கவில்லை.

இதை எனக்குப் புரியவைத்தவர் அந்த மஞ்சள்பைக்காரர். பிற்பாடு ஒருநாள் அவர் தறிவீட்டுக்கே போயிருந்தேன். சேலையைப் பார்த்துப் பட்டு எவ்வளவு, ஜரிகை எவ்வளவு, கோர்வைக்குக் கூலி எவ்வளவு என்று கூட்டி நான் ஒரு விலை சொன்னேன். காருக்குப் போடுகிற அதே கணக்கு. சிரித்தார். “அட்டைய உட்டுட்டியே தம்பி” என்றார். ஜக்கார்டு பெட்டியில் தொங்கும் துளை போட்ட அட்டைகளைக் காட்டினார். புது டிசைன் என்றால் முதலில் கட்டம் போட்ட தாளில் வரைய வேண்டும், பிறகு அட்டை அடிக்க வேண்டும். அந்தச் செலவு ஒரு சேலைக்கும் அதேதான், ஐம்பது சேலைக்கும் அதேதான். “முகூர்த்தத்துக்கு அம்பது போவும்னா அட்டைக் காசு தெரியாது. ஒண்ணே ஒண்ணுன்னா சேலைய விட அட்டை கனம். இன்னா டிசைனுன்னு எல்லாரும் கேக்கறாங்க. எத்தினி சேலைன்னு யார் கேக்கறா?”

கார் ஆலையில் அட்டைக்குப் பெயர் வேறு. தகட்டை அழுத்தி உருவம் எடுக்கும் அச்சு, மோதல் சோதனை, எஞ்சின் மென்பொருளை நம் வெயிலுக்கும் பெட்ரோலுக்கும் திருத்துதல், சான்றிதழ். இத்தனையும் வண்டி பத்து விற்றாலும் பத்தாயிரம் விற்றாலும் ஒரே செலவு. ஆர்வலர்களான நாங்கள் காரின் பாகங்களைக் கூட்டுகிறோம். வகுக்கும் எண்ணை விட்டுவிடுகிறோம். அந்த எண்ணைத் தீர்மானிப்பது, பின்சீட்டில் மூன்று பேர் குந்தலாமா என்ற கேள்விதான். விலை சொன்ன எங்கள் மூவரையும்விட, அன்றைக்கு டீக்கடையில் விலையே சொல்லாதவர்தான் விலைக்குப் பக்கத்தில் இருந்தார்.

வேகத்தைப் பற்றிய ஊகம் வேறு மாதிரித் தவறும். ஐரோப்பாவில் 112 குதிரைத்திறன் தந்த பலேனோ எஞ்சின் இங்கே 102க்கு இறங்கியபோது ஏமாற்று என்று பலர் கோபப்பட்டார்கள். அங்கே பெட்ரோல் 95 ஆக்டேன். அப்போது இங்கே பங்க்கில் கிடைத்த சாதாரணப் பெட்ரோல் 91. டர்போ எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும்போது ஆக்டேன் குறைந்த பெட்ரோல் நேரத்துக்கு முன்னாலேயே வெடிக்கப் பார்க்கும், எஞ்சின் தட்டும். கணினி அதை உணர்ந்து தீப்பொறியைத் தள்ளிப்போடும், திறன் இறங்கும். சித்திரை வெயிலில் காற்றே சூடாகவும் அடர்த்தி குறைந்தும் உள்ளே வரும். இப்போது எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோலில் ஆக்டேன் ஏறியிருக்கிறது, மைலேஜ் இறங்கியிருக்கிறது. அந்தச் சண்டை தனிக் கட்டுரைக்கு ஆகும். கம்பெனி சொல்லும் பத்து விநாடி, மே மாதம் ஏசி போட்டு நாலு பேரோடு வாலாஜாபாத் ரோட்டில் பன்னிரண்டாகும். அந்த இரண்டு விநாடியைக் கண்டுபிடிக்க ஸ்டாப்வாட்ச் வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். நல்ல மனிதர்கள்; அவர்கள் வண்டியில் ஏறாதீர்கள்.

வரிச் சுவருக்கு உள்ளேயே இருந்தும் ஒரு வண்டி எப்படிச் சாகும் என்பதற்கு டாடாவின் ரேசீமோ சாட்சி. 2017 மார்ச்சில் ஜெனிவாவில் காட்டினார்கள். நீளம் 4 மீட்டருக்குள், எஞ்சின் 1.2 லிட்டர். வரிக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒழுங்காக உட்கார்ந்த வண்டி. அந்தச் சின்ன எஞ்சினிலிருந்து 190 குதிரைத்திறன் எடுத்து, இருக்கைக்குப் பின்னால் நடுவில் வைத்திருந்தார்கள். நூறைத் தொட ஆறு விநாடிக்குள் என்றார்கள். இருபத்தைந்து லட்சம் இருக்கும் என்று பேச்சு. இருக்கை இரண்டு. அந்த வருஷமே கம்பெனி பணத்தை அன்றாடம் விற்கும் வண்டிகளின் பக்கம் திருப்பி, இதைக் கிடப்பில் போட்டது. மாமியாரை எங்கே உட்காரவைப்பது என்று அந்த வண்டிக்கு யாரும் பதில் சொல்லியிருக்க முடியாது.

ஏழு வருஷம் கழித்து, 2024 நவம்பர் 26 அன்று சென்னையில் மஹிந்திரா பிஇ 6இ (பிறகு பிஇ 6) என்ற மின்காரை வெளியிட்டது. செங்கல்பட்டுப் பக்கம் மஹிந்திரா சிட்டி ஆராய்ச்சி மையத்தில் வளர்ந்த பிள்ளை. தொடக்க விலை 18.90 லட்சம். பெரிய பேட்டரி வைத்த மாடலுக்கு 286 குதிரைத்திறன், நூறைத் தொட 6.7 விநாடி, பின்சக்கரம் தள்ளும் அமைப்பு. ரேசீமோ கனவு கண்ட வேகத்துக்கு ஒரு மூச்சு தூரம். கூடவே ஐந்து பேர் உட்காரலாம், பெட்டி படுக்கை வைக்கலாம். மின்காரில் சிசி கிடையாது; ஆகவே 1200 என்ற கோடும் கிடையாது. ஜிஎஸ்டி 5 சதவீதம், சாலை வரிக்குத் தமிழ்நாடு பல வருஷமாக விலக்கு கொடுத்திருக்கிறது. இருபது வருஷமாக நாங்கள் மனப்பாடம் செய்த வாய்ப்பாடு முழுக்க இங்கே செல்லாக்காசு.

இருந்தும் அதைப் பார்த்தபோது அபார்த்தின் ஸ்டீயரிங்கைப் பிடித்த நடுக்கம் எனக்கு வரவில்லை. வயசு காரணமாயிருக்கலாம். எடை காரணம் என்று நான் நினைக்கிறேன். பேட்டரி கனம் நேர்கோட்டில் தெரியாது, வளைவில் தெரியும். ஒரு டன்னுக்குக் குறைவான மியாட்டா 116 குதிரைத்திறனில் தந்ததை இரண்டு டன் வண்டி 286 குதிரைத்திறனிலும் தராது. இதை நான் சொல்லும்போதெல்லாம் பிரேக் கம்பெனி இளைஞன், “அண்ணே, முப்பத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி வந்த வண்டிண்ணே அது” என்பான்.

போன வாரம் மறுபடி ஒரு முகமூடி வண்டி போனதாம். சின்னது, பெட்ரோல் சத்தம், டயர் அகலம். அவன்தான் பார்த்துவிட்டு ஓடிவந்தான். இந்த முறை 160 என்கிறான். நான் டீக்கடைக் கணக்கு நோட்டின் பின்னட்டையில் தேதி போட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன்: நீளம் 3995 மில்லிமீட்டர், 998 அல்லது 1199 சிசி, 120 குதிரைத்திறன், ஒன்றிரண்டு கூடக்குறைய, ஷோரூம் விலை 9இல் தொடங்கும். தோற்றால் ஒரு மாசத்து டீ என் கணக்கு. மஞ்சள்பைக்காரரிடமும் நோட்டை நீட்டினோம். அவர் எண் எதுவும் எழுதவில்லை. கதவு நாலா ரெண்டா என்று கேட்டார். நாலு என்று அவன் சொன்னதும், அப்படியென்றால் வரும் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.